பேட்டரி இல்லாத பாட்டு

செந்துறையில் எங்கள் வீட்டுப் புளியமரத்திலிருந்து கிணற்றடி வரை சித்தப்பா ஒரு செம்புக் கம்பி இழுத்துக் கட்டியிருந்தார். ஒரு சுருள், ஓஏ79 ஜெர்மேனியம் டையோடு, ஹெட்போன். எர்த் கம்பி அடிபம்பில். பேட்டரியே கிடையாது. இரவில் திருச்சி வானொலி 936 கிலோஹெர்ட்சில் மெல்லக் கேட்கும். "கரண்ட் எங்கேருந்து வருது சித்தப்பா?" என்றால், "திருச்சியிலேருந்துதான்டா" என்பார். கேலி என்று நினைத்தேன். அவர் சொன்னது நிஜம் என்பது மைக்ரோவேவ் படிக்கப் போன பிறகுதான் புரிந்தது.

காற்றில் வரும் அலையை மின்சாரமாக்குவதுதான் இன்றுவரை என் பிழைப்பு. ஆண்டெனாவும் டையோடும் சேர்ந்த கருவிக்கு ரெக்டெனா என்று பெயர். 1964-இல் அமெரிக்காவில் வில்லியம் பிரவுன் மைக்ரோவேவ் கற்றையைக் கொண்டே ஒரு சின்ன ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டார். எனக்குக் கிடைப்பது சிந்திய மிச்சம். 2013-இல் வெளியான லண்டன் அளவீட்டில், 1800 மெகாஹெர்ட்ஸ் கைபேசிப் பட்டையில் சதுர செ.மீ.க்குச் சராசரி 84 நானோவாட். நம்மூர் உச்சிவெயில் ஏறத்தாழ 12 லட்சம் மடங்கு. "வெயில் இவ்வளவு கொட்டுதே, உனக்கு ஏன்யா இந்த வேலை?" என்று ஊரில் கேட்கிறார்கள். நியாயம்தான். வெயில் புகாத முந்திரிக் குடோனில் ஈரப்பதம் பார்க்கும் சென்சாருக்கு என்பேன். அங்கேயும் மூலையில் நாமே ஒரு டிரான்ஸ்மிட்டர் வைத்தால்தான் காரியம் நடக்கும். செல்போனைக் காற்றே சார்ஜ் செய்யும் என்பவர்களை நம்பவேண்டாம்.

உயிரை வாங்குவது டையோடுதான். 10 மைக்ரோவாட் வந்தால் 50 ஓமில் உச்ச மின்னழுத்தம் 32 மில்லிவோல்ட்கூட இல்லை. அந்த அளவில் ஷாட்கி டையோடும் அரைத்தூக்கத்தில்தான் இருக்கும். போதாததற்கு, வரும் சக்திக்கேற்ப அதன் இம்பீடன்ஸ் மாறும். 100 மைக்ரோவாட்டுக்கு மேட்ச் செய்துவைத்தால், 10 மைக்ரோவாட் வரும்போது அதில் ஒரு பங்கைத் திருப்பியனுப்பிவிடும். எந்த அளவுக்கு மேட்ச் செய்வது என்பதில்தான் ஆளின் கை தெரியும்; எப்போதும் வரக்கூடிய குறைந்த அளவை எடுத்துக்கொள் என்பது என் கட்சி.

அடுத்தது சர்க்யூட் பலகை. எஃப்ஆர்4 பலகையில் 2.45 கிகாஹெர்ட்ஸ் பேட்ச் ஆண்டெனா சுமார் 29 மில்லிமீட்டர் நீளம். ஒரு மில்லிமீட்டர் பிசகினால் 80 மெகாஹெர்ட்ஸ் தள்ளிப்போகும். வைஃபை பட்டையின் மொத்த அகலமே அவ்வளவுதான். அதனால் மாணவர்களிடம் அரை மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டச் சொல்வேன். பிளேடால் சீவிக் குறைக்கலாம். குறைந்துபோனதற்குச் செம்பு டேப் ஒட்டினால் அது தனிக்கதை.

ஒருமுறை என் ரெக்டெனா நம்பமுடியாத திறன் காட்டியது. இரண்டு வாரம் தரையில் கால் படவில்லை. மூன்றாம் வாரம் டையோடைக் கழற்றிய பிறகும் மீட்டரில் அதே வோல்ட்! மீட்டரின் வயரே ஆண்டெனாவாகிவிட்டிருந்தது.

சித்தப்பாவின் ஓஏ79 இப்போது என் மேசை இழுப்பறையில். ஆர்வக்கோளாறில் அதையும் 2.45-இல் வைத்துப் பார்த்தேன். முள் அசையவில்லை. மறுபடி ஊருக்குப் போனபோது புளியமரக் கம்பியில் கோத்தேன். கொஞ்சம் கரகரத்துவிட்டு, திருச்சி வந்தது.