செம்பூர் என்று சொன்னவன்

செம்பூருக்கு அடுத்த ஸ்டேஷன் கோவண்டி. ஹார்பர் லைன் வண்டியில் நாலு நிமிஷம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒன்பது வருஷம், யார் கேட்டாலும் என் வீடு செம்பூரில் என்றே சொல்லி வந்தேன். அந்தப் பொய்யால் என் சித்தியின் வலது மணிக்கட்டு போனது. எப்படிப் போனது என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் இண்டர்வியூவில் என் முகவரியைப் பார்த்தவர், "குப்பைமேட்டுக்குப் பக்கத்திலா?" என்று கேட்டார். வேலை கிடைக்கவில்லை. அதனால்தானா என்று சொல்ல முடியாது. அடுத்த இண்டர்வியூவுக்குப் போனபோது பயோடேட்டாவில் செம்பூர் என்று மாற்றியிருந்தேன். 1927 முதல் மும்பையின் குப்பை வந்து விழும் இடம் எங்கள் கோவண்டியை ஒட்டிய தேவ்னார். 2009-இல் வந்த மும்பை மனித மேம்பாட்டு அறிக்கை, நகரத்தின் 24 வார்டுகளில் எங்கள் எம் கிழக்கு வார்டைக் கடைசியில் வைத்தது. அதைப் படித்தபோது கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கு வெட்கம்தான் வந்தது.

எங்கள் கம்பெனிக்கு மென்பொருள் செய்வது தொழில். கேபிள் போடும் ஒரு நிறுவனம் எங்களிடம் வந்தது. மும்பையில் ரோட்டைத் தோண்ட வேண்டுமென்றால் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்விட முடியாது. எந்த ரோடு, எங்கிருந்து எங்கே, எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு அகலம், ஆழம், தார் ரோடா, கான்கிரீட்டா, பேவர் பிளாக்கா, என்றைக்குத் தொடங்கி என்றைக்கு முடியும் என்று எல்லாம் எழுதி மனுப்போட வேண்டும். தோண்டிய இடத்தைச் சரிசெய்ய ஆகும் பணத்தை முன்பே கட்ட வேண்டும். போக்குவரத்துப் போலீஸின் சம்மதம் தனி. மே 31-க்குள் எல்லாப் பள்ளமும் மூடியிருக்க வேண்டும். பிறகு மழைக்காலம் முடியும்வரை அவசர வேலை தவிர எதற்கும் ரோட்டில் கை வைக்கக் கூடாது. இந்த மொத்த வேலையையும் ஒரே திரையில் காட்டும் மென்பொருளைத்தான் செய்தோம். மனு எந்த மேஜையில் நிற்கிறது, எந்தப் பள்ளம் திறந்திருக்கிறது, எது மூடியாயிற்று என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். அதற்கு நான் டீம் லீடர்.

திரையின் முதல் கட்டம் ரோட்டின் பெயர். கையால் அடிக்க முடியாது, பட்டியலிலிருந்துதான் எடுக்க முடியும். ஆளுக்கொரு விதமாக எழுதிக் குழப்பக் கூடாதென்று நான் வைத்த விதி அது. பட்டியலில் எங்கள் கோவண்டியின் சிவாஜி நகர், பைங்கன்வாடிப் பக்கத்து நேர்த் தெருக்கள் ரோடு நம்பரோடு இருந்தன. அவற்றிலிருந்து பிரிகிற கல்லிகள் இல்லை. எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய கல்லிகள். கட்டரை மூடிய கல்பலகைதான் அங்கே பாதை. அதன் மேல்தான் பள்ளிக்கூடம் போனேன்.

மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் பெண் ஒருத்தி எங்கள் டீமில் இருந்தாள். கர்ஜத்திலிருந்து தினமும் வந்து போகிறவள், கோவண்டியில் ஒருநாளும் இறங்கியிராதவள். செயற்கைக்கோள் படத்தைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்து அவள்தான் கேட்டாள்: "இங்கே இவ்வளவு வீடு இருக்கிறது, ரோடே இல்லையே. இதற்குள் கேபிள் போனால் எந்தப் பெயரைப் போடுவது?" படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். மேனேஜர் சுற்றிலும் பார்த்து, "இந்தப் பக்கம் தெரிந்தவர் யாராவது இருக்கிறீர்களா?" என்றார்.

திரையில் நீலத் தார்ப்பாய் போட்ட ஒரு கூரை தெரிந்தது. அது எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால், உனக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். கூட்டம் முடிந்ததும் அவள் எழுதிவைத்த குறிப்பின் கீழ், "இப்போதைய வேலை வரம்பில் இல்லை" என்று எழுதி முடித்துவைத்தேன். கால் நிமிஷம்கூட ஆகியிருக்காது.

இன்னொரு வாய்ப்பும் வந்தது. 2023 மார்ச் 22-ஆம் தேதி 'கால் பிஃபோர் யூ டிக்' செயலியைப் பிரதமர் தொடங்கிவைத்தார். தோண்டப் போகிறவர் இடத்தைக் குறித்தால், அங்கே மண்ணுக்கடியில் கேபிளும் குழாயும் வைத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும். ஆபீஸில் அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். குழி வெட்டும்போது கேபிள் அறுந்தால் எவ்வளவு நஷ்டம் என்று அரை மணி நேரம் பேசினேன். கல்லிகளைப் பற்றி அன்றும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த மே மாதக் கடைசி வாரம் எங்கள் வீட்டுப் பக்கத்து மெயின் ரோட்டில் அந்த கேபிள் நிறுவனத்தார் கேபிள் பதித்தார்கள். கல்லிக்குள் ஒரு கிளை போக வேண்டியிருந்தது; கல்லி முனையில் குறுக்கே நாலு மீட்டர் வெட்டினார்கள். போனில் எங்கள் மென்பொருளைத் திறந்த அவர்களுடைய பையனுக்கு அந்த நாலு மீட்டரைப் பதிய இடமே இல்லை. மெயின் ரோட்டின் பெயரைப் போட்டான், மெயின் ரோட்டின் நீளத்தைப் போட்டான். மே 30-ஆம் தேதி மெயின் ரோட்டை மூடி, படம் எடுத்து ஏற்றினான். பச்சை டிக் விழுந்தது. கல்லி வெட்டில் அள்ளிய மண்ணையே அள்ளிப் போட்டுக் காலால் மிதித்துவிட்டுப் போனார்கள். அடுக்கடுக்காகப் போட்டு இடித்திறுக்கியிருக்க வேண்டும். செய்தார்களா என்று கேட்க, அப்படியொரு வெட்டு இருந்ததாக எங்கும் பதிவில்லை.

மழை முன்னதாக வந்திருந்தால் பள்ளம் முன்னதாகவே காட்டிக்கொடுத்திருக்கும். அந்த வருஷம் மும்பைக்குப் பருவமழை வந்து சேர்ந்தது ஜூன் 25-இல். நாலு வாரம் காய்ந்த மண் கெட்டி போலவே இருந்தது. நானே அதைத் தாண்டித் தாண்டித்தான் ஸ்டேஷனுக்குப் போனேன்.

ஜூன் 26 விடியற்காலை. சித்தி தலையில் இட்லி அண்டா, இடக்கையில் சாம்பார் வாளி. இருபது வருஷமாக அந்தக் கல்லி முனையில்தான் அவள் கடை. கணுக்காலளவு தண்ணீர் நின்றது, அடியில் மண் உள்வாங்கியிருந்தது தெரியவில்லை. வலக்கையை ஊன்றி விழுந்தாள். நான் ஓடிப்போனபோது தண்ணீரில் இட்லிகள் மிதந்துகொண்டிருந்தன. கையைப் பார்க்காமல் அண்டாவை எங்கே என்று தேடினாள். "தோண்டுனா மூடுவாங்கல்லா, எய்யா?" என்று மட்டும் கேட்டாள்.

ஈடு கேட்கலாமென்றால் எதைக் காட்டிக் கேட்பது? வெட்டு பதிவில் இல்லை. சித்தியும் பதிவில் இல்லை. 2014-இல் தெருவோர வியாபாரிகள் சட்டம் வந்து மும்பையில் கணக்கெடுத்தார்கள். மகாராஷ்டிரத்தில் பதினைந்து வருஷம் குடியிருந்ததற்கான இருப்பிடச் சான்று கேட்டபோது ஏராளமானவர்கள் விடுபட்டுப்போனார்கள். சித்தியும் அதில் விடுபட்டவள்.

ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் நான் கொடுத்தேன். "நீதான்யா எனக்குப் பிள்ளை" என்று என் தலையைத் தடவினாள், இடக்கையால். நடந்ததிலேயே எனக்குத் தாங்க முடியாதது அதுதான்.

பதிவில் இல்லாதவர்களின் பாடு எங்கள் தாத்தாவுக்குத் தெரியும். அவர் மும்பையின் ஜனதா காலனிக்காரர். 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், அணுசக்தித் துறைக்காக அந்தக் காலனியைக் காலி செய்து சீட்டா கேம்புக்குப் பெயர்த்தபோது அவரும் மூட்டையோடு நடந்தவர். எதிர்த்து நின்று போராட்டத்தை நடத்திய ஜோக்கின் அற்புதம் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். பின்னாளில் குடிசை மக்கள் தங்கள் வீடுகளைத் தாங்களே எண்ணி, தாங்களே வரைபடம் போட வேண்டுமென்று ஊர் ஊராகச் செய்து காட்டினார். 2000-இல் மகசேசே விருது பெற்றார். எண்ணிக் காட்டாத வீட்டை இல்லாத வீடு என்பார்கள் என்று தாத்தா அடிக்கடி சொல்வார். அவர் வளர்த்த பேரன் நான், என் கையாலேயே என் கல்லியை விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு செய்ததையும் சொல்கிறேன். செப்டம்பரில் அந்தப் பழைய குறிப்பைத் திறந்து, "இது என் தவறு. நான் அங்கே பிறந்தவன்" என்று எழுதினேன். மேனேஜர், "அன்றைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் டேப்பை எடுத்துக்கொண்டு கல்லி கல்லியாக அளந்தேன். அவள் இரண்டு ஞாயிறு கூட வந்து மறுமுனையைப் பிடித்தாள். இப்போது பட்டியலில் இல்லாத இடத்தையும் புள்ளி வைத்துப் பதியலாம், ஒவ்வொரு வெட்டுக்கும் தனிப் படம் இல்லாமல் டிக் விழாது. எங்கள் கல்லிக்கும் ஒரு எண் இருக்கிறது.

சித்தியின் மணிக்கட்டு முழுதாகத் திரும்புவதில்லை. இட்லி ஊற்ற ஒரு பெண்ணை வைத்திருக்கிறாள். மழையால் விழுந்தேன் என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறாள். அவளிடம் இதைச் சொல்ல நாலைந்து தடவை போய் உட்கார்ந்தேன், டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். சித்தி முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் ஏழாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டாமல் வாசிப்பாள்.