கலைச் சட்டத்துக்குத் தனி அலமாரி இல்லை

கலைச் சட்டம், பண்பாட்டு மரபுப் பாதுகாப்பு பற்றி நூல் தேடிச் செல்லும் ஆய்வு மாணவருக்கு நூலகம் கற்றுத்தரும் முதல் பாடம், அவற்றுக்கென்று தனி அலமாரி இல்லை என்பதே. டியூயி தசமப் பகுப்பில் சட்டம் 340 வரிசையில் இருக்கும், அருங்காட்சியகவியல் 069இல், சிற்பக் கலை 730இல், இந்திய வரலாறு 954இல். களவுபோன ஒரு செப்புத் திருமேனியின் வழக்கை முழுமையாக அறிய விரும்புகிறவர் இந்த நான்கு இடங்களுக்கும் நடந்தாக வேண்டும்.

குண்டலுபேட்டையிலிருந்து புறப்படுகிறவருக்கு அந்த நடை இன்னும் நீளம். பெரிய நூலகம் வேண்டுமெனில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் கடந்து மைசூருக்குச் செல்ல வேண்டும். ஒரே பகலில் எந்த அலமாரியை முதலில் பார்ப்பது என்பது அவருக்குச் சிறிய கேள்வியன்று.

சட்ட மாணவர் இயல்பாகவே 340ஐ நாடுவார். 1958ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டம், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம், 1970ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கை ஆகியவற்றைப் பற்றிய நூல்களுக்கு அதுவே இடம். நூறாண்டுக்குக் குறையாத பழமையுடைய சிலையைத் தனியார் எவரும் ஏற்றுமதி செய்யலாகாது என அவர் அறிந்துகொள்வார். ஆனால், பிடிபட்ட சிலை எந்தக் கோயிலுக்குரியது என்பதைச் சட்டநூல் சொல்லாது. வழக்குகள் நின்றதும் வீழ்ந்ததும் அந்தக் கேள்வியில்தான்.

இன்றைய திருவாரூர் மாவட்டத்துப் பத்தூரில் 1976இல் மண்ணிலிருந்து வெளிப்பட்ட நடராசர், பல கை மாறி இலண்டனை அடைந்தார். அவரை விலைக்கு வாங்கியிருந்தது பம்பர் டெவலப்மென்ட் என்னும் கனடா நிறுவனம். சிதைந்து கிடந்த கோயிலும் தன் உடைமையை வழக்காடி மீட்கலாம் என்பதை 1991இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. ஆயினும், அக்கோயில் வளாகத்தில் கிடைத்த மற்றத் திருமேனிகளோடு இந்நடராசரை வல்லுநர்கள் ஒப்பிட்டுக் காட்டியிராவிட்டால், அந்தக் கோட்பாட்டுக்கு அங்கே வேலை இருந்திராது.

ஸ்ரீபுரந்தான் நடராசர் மீண்டதும் ஆவணத்தால்தான். ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கிய அத்திருமேனி, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் முன்பே கோயிலில் எடுத்து வைத்திருந்த நிழற்படத்தால் அடையாளம் காணப்பட்டு, 2014இல் இந்தியாவுக்குத் திரும்பியது. அந்தப் படத்தை எடுத்தவர்கள் வழக்கை எண்ணி எடுத்தவர்கள் அல்லர்.

ஆகவே குண்டலுபேட்டை மாணவர் முதலில் நாட வேண்டியது வரலாற்று அலமாரி. லூயிஸ் ரைஸ் பதிப்பித்த எபிகிராபியா கர்னாடிகாவின் நான்காம் தொகுதி 1898இல் வெளிவந்தது. குண்டலுபேட்டை வட்டத்துக் கல்வெட்டுகள், ஊர்வாரியாக எண்ணிடப்பட்டு, அதில் அடங்கியுள்ளன. ஒரு கல் நாளை இடம் மாறினால், அது நின்ற ஊரைச் சொல்லும் சாட்சி அந்தத் தொகுதிதான். சட்டப் பிரிவில் அதைத் தேடுகிறவர் வெறுங்கையோடுதான் திரும்புவார். நூலகப் பட்டியலில் 'கலைச் சட்டம்' என்று தேடினாலும் அது அகப்படாது. ஊர்ப் பெயரைக் கொண்டு தேட வேண்டும்.

தன் ஊர்க் கோயிலின் சிலையும் கல்லும் அத்தகைய எந்தத் தொகுதியிலும் இல்லையெனக் கண்டால், அவருக்கு அடுத்த வேலையும் தெளிவாகிவிடுகிறது: படம் எடுத்து, அளவும் நாளும் இடமும் குறித்து, ஒரு படியை நூலகத்தில் சேர்ப்பது. களவு நேர்ந்த பிறகு அந்தப் பதிவை எவராலும் உண்டாக்க இயலாது.