ரயிலடி வண்டி

அமெரிக்க மக்கள் 'ஸ்டேஷன் வேகன்' என்று வழங்கிய மோட்டார் வண்டிக்குத் தமிழில் பெயர் சூட்ட வேண்டுமாயின் 'ரயிலடி வண்டி' என்பதே மிகவும் பொருந்தும். தொடக்கத்தில் அது அந்தத் தொழிலைத்தான் செய்து வந்தது. ரயிலை விட்டு இறங்கும் பயணிகளையும் அவர்களுடைய பெட்டி படுக்கைகளையும் ஏற்றிக்கொண்டு விடுதிகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் குதிரை வண்டிகள் முன்னாளில் அந்நாட்டு ரயிலடிகளில் காத்து நின்றன. மோட்டார் வந்த பிறகு, காரின் அடிச்சட்டத்தின் மேல் மரக்கூண்டு கட்டி அதே வேலைக்கு வைத்துக்கொண்டனர். காலப்போக்கில் ரயிலும் மறந்தது, ரயிலடியும் மறந்தது, பெயர் மட்டும் வண்டியோடு ஒட்டிக்கொண்டது.

1929-ம் ஆண்டில் ஃபோர்டு கம்பெனி தன் 'மாடல் ஏ' வரிசையில் இவ்வகை வண்டியையும் சேர்த்தது. பெருங் கம்பெனி ஒன்று இதனைத் தன் சொந்த உற்பத்தியாகப் பெருமளவில் விற்கத் தொடங்கியது அப்போதுதான். மிச்சிகன் மாநிலத்தின் வடபகுதியில், அயர்ன் மவுண்டன் என்னும் ஊரையடுத்து அக்கம்பெனிக்குக் காடுகளும் மரப்பட்டறைகளும் இருந்தன. மேப்பிள், பிர்ச் முதலிய மரங்களால் இழைத்த அந்தக் கூண்டுகள் பார்வைக்கு அழகானவை. ஆனால் படகைப் பேணுவது போலப் பேணி, காலாகாலத்தில் வார்னீஷ் பூசிவர வேண்டும். 1946-இல் வில்லிஸ் ஜீப்பும், 1949-இல் பிளிமத் சபர்பனும் முழுவதும் எஃகினாலான வண்டிகளாக வந்தபின் மரக்கூண்டின் காலம் முடிந்தது. எனினும் மரத்தின் மீதுள்ள ஆசை மக்களுக்கு முடியவில்லை. மரத்தின் ரேகைகளை அச்சடித்த தாளை எஃகின் மேல் ஒட்டி, மரம் போலவே காட்டி விற்றார்கள். பொய் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தும் எல்லோரும் விரும்பிய பொய் அது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நாட்டில் புறநகர்கள் பெருகின. வீட்டுக்கு மூன்று நான்கு குழந்தைகள் என்பது வழக்கமாயிற்று. 1956-ம் ஆண்டுச் சட்டத்தின்படி 41,000 மைல் நீளத்துக்குப் பெருஞ்சாலைகள் திட்டமிடப்பட்டன. குடும்பம் முழுவதும் ஒரே வண்டியில் ஏறி நெடுந்தொலைவு போகும் பழக்கம் வேரூன்றிற்று. அதற்கேற்ப உற்பத்தியாளர்களும் போட்டியிட்டனர். 1957-இல் கிரைஸ்லர் கம்பெனி மூன்றாவது ஆசனத்தைப் பின்நோக்கித் திருப்பி வைத்தது. 1964-இல் ஓல்ட்ஸ்மோபீல் கம்பெனியின் 'விஸ்டா குரூஸர்' கூரையிலே கண்ணாடி பதித்து வந்தது. 1966-இல் ஃபோர்டு, கீழ்நோக்கிப் பலகை போலவும் பக்கவாட்டில் கதவு போலவும் திறக்கும் பின்கதவை அமைத்தது. 1971-இல் ஜெனரல் மோட்டார்ஸ் வெளியிட்ட பெரிய வண்டிகளில் பின்கண்ணாடி கூரைக்குள்ளும், கதவு தரைக்கடியிலும் மறைந்துபோகும். இவற்றையெல்லாம் சிறுவர்களாகிய நாங்கள் மனப்பாடம் செய்திருந்தோம். தெருவில் போகும் வண்டியின் பின்கதவைப் பார்த்தே எந்தக் கம்பெனி, எந்த ஆண்டு என்று சொல்லிவிடுவோம்.

எங்கள் வாப்பா அந்நாட்டுக்குச் சென்றது 1969-இல். நாட்டுக்கு இத்தனை பேர் என்று அளந்து வைத்திருந்த பழைய குடியேற்ற முறையை 1965-ம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. அதன் பயனாக இந்தியாவிலிருந்து போன எஞ்சினீயர்களுள் அவரும் ஒருவர். தென்கோடிக் கடலோர ஊரிலிருந்து உம்மாவும் நாங்கள் நால்வரும் இரண்டாண்டு கழித்து ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்தோம். சில காலம் ஒரு சிறு காரில் நெருக்கியடித்துக்கொண்டு காலம் தள்ளினோம். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தின. பெட்ரோல் விலை ஏறிற்று. கேலனுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் மட்டுமே ஓடும் பெரிய வண்டிகளை எவரும் சீந்தவில்லை. ஊரார் பெரிய வண்டியை விற்றுச் சிறிய வண்டி வாங்கிய அந்த 1974-ம் ஆண்டில், வாப்பா சிறிய வண்டியை விற்றுப் பெரிய வண்டி வாங்கினார். இரண்டு ஆண்டு ஓடிய ஃபோர்டு 'கண்ட்ரி ஸ்கொயர்' அது. ஏறத்தாழ 18 அடி நீளம். இரண்டு டன் எடை. இரு பக்கமும் மர ரேகை. "பெட்ரோலுக்குச் செலவாவதை மிச்சம் பிடிக்க வேறு வழி பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகள் கால் நீட்டி உட்கார வேண்டும்" என்று உம்மாவிடம் சமாதானம் சொன்னார்.

அந்த வண்டியின் கடைசிப் பகுதியில் இரண்டு சிறு ஆசனங்கள், ஒன்றையொன்று பார்த்தவாறு பக்கவாட்டில் அமைந்திருந்தன. மடித்துவிட்டால் தரை, எடுத்து நிறுத்தினால் திண்ணை. அங்கேதான் எங்கள் நால்வரின் ராஜ்யம். முழங்காலோடு முழங்கால் இடிக்க, முகத்தை முகம் பார்த்து உட்கார்ந்திருப்போம். சண்டை போட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ள இடமில்லை. வெயில் காலத்தில் வினைல் ஆசனம் தொடையைச் சுட்டுவிடும். முன்னாலிருந்து வரும் குளிர்காற்று எங்களை எட்டுவதற்குள் வெந்நீராவி ஆகிவிடும். பின்கண்ணாடியை இறக்கவும் கூடாது. ஓடும் வண்டியின் பின்னே காற்று சுழன்று எஞ்சின் புகையை உள்ளே இழுத்துவிடும் என்று வாப்பா எச்சரித்திருந்தார். இடுப்புப் பட்டைகள் இருந்தன. அவற்றை மாட்டிக்கொள்ளும்படி சொல்லும் சட்டம் இல்லை. சிறு குழந்தைகளைப் பாதுகாப்பான ஆசனத்தில் அமர்த்த வேண்டும் என்ற முதல் சட்டத்தை டென்னஸி மாநிலம் நடைமுறைக்குக் கொண்டுவந்ததே 1978-இல்தான். இரவுப் பயணங்களில் ஆசனங்களை மடித்து, ஜமக்காளம் விரித்து, நால்வரும் வரிசையாகப் படுத்துறங்கியதை இன்று நினைத்தால் இன்பமும் நடுக்கமும் சேர்ந்தே வருகின்றன.

வீட்டில் வாப்பா அதிகம் பேசமாட்டார். தொழிற்சாலையிலிருந்து வந்தால் செய்தித்தாள்; அதன்பின் உறக்கம். வண்டியை ஓட்டும்போது மட்டும் அவருக்கு வாய் திறக்கும். 1974-ம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து நாடெங்கும் மணிக்கு 55 மைலுக்கு மேல் போகலாகாது என்ற விதி இருந்தது. அந்த மெதுவான ஓட்டம் எங்களுக்கு வரமாக அமைந்தது. தாம் படித்த பள்ளிக்கூடம், கடலில் தோணி கவிழ்ந்து பிழைத்த கதை, தம் தகப்பனாரின் கண்டிப்பு எல்லாவற்றையும் அந்த வண்டியில்தான் நாங்கள் கேட்டறிந்தோம். கடைசி ஆசனத்துக்குச் சரியாகக் கேட்காது. நடு ஆசனத்தின் முதுகில் தாடையைப் பதித்துக்கொண்டு கேட்போம்.

1979-ம் ஆண்டுக் கோடையில் வாப்பாவின் தாயாராகிய எங்கள் வாப்பும்மா ஊரிலிருந்து வந்திருந்தார்கள். அவர்களை டென்னஸியிலுள்ள ஸ்மோக்கி மலைக்கு அழைத்துச் செல்வதென்று முடிவாயிற்று. போகும் நாள் காலையில், வாப்பா பின்கதவைத் திறக்க, நாங்கள் ஒருவர் பின் ஒருவராக ஏறி எதிரெதிரே அமர்வதை வாப்பும்மா வாசலில் நின்று பார்த்தார்கள்.

"இது நம்மூர் வில்வண்டிதானே மகனே! மாட்டை மட்டும் எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய்?" என்றார்கள்.

எங்கள் ஊரில் ரயிலடிக்குப் போய்வரும் வில்வண்டியில் பின்பக்கமாகத்தான் ஏறுவார்கள். வைக்கோல் பரப்பி, அதன்மேல் விரிப்பு விரித்து, இப்படித்தான் எதிரெதிரே காலை மடக்கி உட்காருவார்கள். இந்த வண்டியின் பூர்வோத்தரம் எதுவும் அறியாத ஒரு மூதாட்டி, அதன் பிறப்பைப் பார்த்த பார்வையிலேயே சொல்லிவிட்டார்கள் என்பதைப் பிற்காலத்தில் நூல்களைப் படித்தபோதுதான் நாங்கள் உணர்ந்தோம்.

ஏறத்தாழ 350 மைல் பயணம். சின்சினாட்டியில் ஒஹையோ நதியைக் கடந்து, கென்டக்கி மாநிலத்தின் பசும்புல் மேடுகள் வழியே 75-ம் எண் பெருஞ்சாலையில் தெற்கு நோக்கிப் போனோம். வாப்பும்மா நடு ஆசனத்தில் தனியே ஆட்சி செய்தார்கள். எங்கள் விண்ணப்பங்கள் அவர்கள் வழியாகத்தான் முன்னே போக வேண்டும். போகும்போதே பெருகிப் போகும். "தண்ணீர் வேண்டும்" என்று நாங்கள் அனுப்பினால், "பிள்ளைகள் பசியால் துவண்டு கிடக்கின்றன" என்று அது வாப்பாவைச் சென்றடையும். வழியிலுள்ள ஓய்விடங்களில் வண்டியை நிறுத்திப் பின்கதவைப் பலகையாக இறக்குவார் வாப்பா. அதுவே சாப்பாட்டு மேசை. எலுமிச்சைச் சோறு, அவித்த முட்டை, பொரித்த கோழி, பிளாஸ்க்கில் தேநீர். மரநிழலில் விரிப்பை விரித்துத் தொழுதுகொள்வோம். அருகில் வேறொரு ரயிலடி வண்டி நிற்கும். வேறொரு குடும்பம் அதன் பின்கதவில் ரொட்டியைப் பரப்பியிருக்கும். அவர்கள் கையசைப்பார்கள், நாங்களும் கையசைப்போம். அந்நிய நாடு என்ற எண்ணம் எங்கள் உம்மாவுக்கு அத்தகைய இடங்களில்தான் குறைந்தது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

பெருநாள் காலைகளில் அந்த வண்டிக்கு வேறு வேலை. பல்கலைக் கழகத்தில் படித்த மாணவர்கள் சிலரையும் ஏற்றிக்கொண்டு, 150 மைல் வடக்கேயுள்ள டொலீடோ நகரத்துக்குப் போவோம். 1983-இல் அந்நகரையடுத்த பெரிஸ்பர்க்கில் எழும்பிய பள்ளிவாசலின் குவிமாடமும் இரண்டு மினாராக்களும் பெருஞ்சாலையில் வரும்போதே கண்ணுக்குத் தெரியும். முதன்முதல் அதனைக் கண்ட நாளில் வாப்பா வண்டியின் வேகத்தைக் குறைத்தார். வாப்பாவும் ஒன்றும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

அதே 1983-ம் ஆண்டின் இறுதியில்தான் ரயிலடி வண்டிக்கு முடிவு காலமும் பிறந்தது. கிரைஸ்லர் கம்பெனி 'மினிவேன்' என்ற புதுவகை வண்டியை வெளியிட்டது. உயரமான கூரை, பக்கவாட்டில் நகரும் கதவு, சிறிய உடல். மக்கள் அதன் பக்கம் சாய்ந்தனர். ஆனால் ருசி மாற்றம் மட்டுமே காரணமன்று. எண்ணெய் முடைக்குப் பின் 1975-இல் இயற்றப்பட்ட சட்டப்படி, ஒரு கம்பெனி விற்கும் கார்கள் 1978-ம் ஆண்டு மாடல் முதல் சராசரியாகக் கேலனுக்கு 18 மைலும், 1985-இல் 27.5 மைலும் ஓடியாக வேண்டும். ரயிலடி வண்டி கார் என்றே கணக்கிடப்பட்டது. மினிவேனும், பின்னர் வந்த எக்ஸ்ப்ளோரர் போன்ற வண்டிகளும் சிறிய லாரி என்ற வகுப்பில் சேர்ந்து, தளர்வான விதியின் நிழலில் ஒதுங்கிக்கொண்டன. எண்ணெயைச் சேமிக்க வந்த சட்டம் பெரிய காரை ஒழித்தது. அந்த இடத்தில் அதனினும் உயரமான வண்டிகள் வந்து நின்றன. கண்ட்ரி ஸ்கொயர் 1991-இல் நின்றது. 1996-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பியூயிக், ஷெவர்லே பெரிய வண்டிகளையும் நிறுத்தியபோது அந்த வமிசம் முடிவுற்றது.

எங்கள் வீட்டில் அது அதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஒவ்வொருவராகப் படிப்புக்கும் தொழிலுக்கும் வெளியூர் போனோம். நான்காமவரும் போன பிறகு, 18 அடி வண்டியில் வாப்பா தனியாளாய்த் தொழிற்சாலைக்குப் போய்வந்தார். பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு அடிப்பாகத்தைத் தின்றுகொண்டிருந்தது. விற்றுவிடலாம் என்று உம்மா சொல்லும்போதெல்லாம், "விடுமுறைக்குப் பிள்ளைகள் வந்தால் எல்லாரும் எதில் ஏறுவது?" என்பதே அவருடைய மறுமொழி. விடுமுறைக்கு நாங்கள் வந்தோம். ஆளுக்கொரு காரில் வந்தோம். 1988-இல், ஏணியும் வர்ண டப்பாக்களும் ஏற்ற இடம் தேடிய ஒரு வர்ணக்காரருக்கு அதனைச் சொற்ப விலைக்குக் கொடுத்தார். பின்னாசனங்களை எப்படி மடிப்பது என்று அவருக்கு மூன்று முறை செய்து காட்டினாராம். உம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

2004-இல் வாப்பா காலமானார். அதன்பின் உம்மா எங்கே இருப்பது என்பதில் எங்களுக்குள் கருத்து வேற்றுமை எழுந்தது. நான்கு மாநிலங்களிலிருந்து தொலைபேசியில் பேசினோம். ஒவ்வொருவர் சொல்லிலும் அன்பு இருந்தது. ஒவ்வொருவர் குரலிலும் கடுமை ஏறிக்கொண்டே போயிற்று. ஒரு கட்டத்தில் இருவர் பேச்சையே நிறுத்திவிட்டனர். அடுத்த பெருநாளுக்கு உம்மா ஒன்றே ஒன்று கேட்டார்கள்: "நான்கு பேரும் வாருங்கள். என்னைப் பெரிஸ்பர்க் பள்ளிவாசலுக்கு அழைத்துப் போங்கள். ஒரே வண்டியில்."

வாடகைக்கு ஒரு பெரிய வேன் எடுத்தோம். எல்லா ஆசனமும் முன்நோக்கியே இருந்தன. ஒவ்வொருவரும் முன்னிருப்பவரின் பிடரியைப் பார்த்துக்கொண்டே ஐம்பது மைல் போனோம். அதன்பின் உம்மா வழியிலுள்ள ஓய்விடத்தில் நிறுத்தச் சொன்னார்கள். பின்கதவைத் திறந்து, தாங்கள் விடியற்காலையில் கிண்டிய எலுமிச்சைச் சோற்றை எடுத்து வைத்தார்கள். அந்தக் கதவு மேல்நோக்கித் திறக்கும் வகை, பலகையாக இறங்காது. ஆகவே வேனின் தரை விளிம்பில் இருவரும், எதிரே புல்தரையில் இருவருமாக அமர்ந்தோம். பேச்சை நிறுத்தியிருந்தவர்கள் எதிரெதிரே அகப்பட்டுக்கொண்டனர். ஊறுகாயைக் கேட்க வேண்டியிருந்தது; கேட்டார்கள். அங்கிருந்து கிளம்புவதற்குள், உம்மா தம் சொந்த வீட்டிலேயே இருப்பதென்றும், ஆண்டுக்கு மும்மூன்று மாதம் எங்களில் ஒருவர் வந்து உடனிருப்பதென்றும் முடிவாயிற்று. இறுதிவரை, ஏழாண்டுக் காலம், அந்த ஏற்பாடு பிசகாமல் நடந்தது.

இன்று அந்நாட்டில் பழைய ரயிலடி வண்டிகளைத் தேடிப் பிடித்து, துருவை நீக்கி, மர ரேகைத் தாளைப் புதிதாக ஒட்டி வைத்துக்கொள்ளும் அன்பர்கள் உண்டு. அவற்றுக்குக் கிடைக்கும் விலை எங்கள் வாப்பாவை வியப்பில் ஆழ்த்தியிருக்கும். எங்களுக்கு அத்தகைய வண்டி ஒன்றை வாங்கும் எண்ணமில்லை. ஆயினும் பெருநாளுக்கு நாங்கள் கூடும்போது, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக எத்தனை பேரானாலும், தனித்தனிக் காரில் போவதில்லை. எல்லாரையும் கொள்ளும் ஒரு வண்டியை வாடகைக்கு எடுக்கிறோம். இளையவர்கள் இதனை வீண் செலவு என்கிறார்கள். அவர்களுடைய பாட்டனாரும் ஒருமுறை பெட்ரோல் விலை ஏறிய காலத்தில் அப்படியொரு வீண் செலவைச் செய்தவர் என்று அவர்களுக்குச் சொல்லியிருக்கிறோம்.