மல்லாட்டை சீசனில் ஊருக்கு வாங்க

திருவண்ணாமலைக்கு எதற்காக வருகிறார்கள் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். கார்த்திகை தீபம், பௌர்ணமி கிரிவலம், ரமணாசிரமம். "அங்கே போய்ச் சாப்பிடணும்" என்று சொல்லிக்கொண்டு யாரும் பஸ் ஏறுவதில்லை. வந்த இடத்தில் பசிக்கும். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இரண்டு இட்லி, ஒரு காபி. கதை முடிந்தது.

ஆனால் உலகத்தில் பல ஊர்களுக்கு ஜனங்கள் சாப்பிடுவதற்கென்றே போகிறார்கள். அதுவும் நினைத்த நேரத்தில் இல்லை, பருவம் பார்த்து!

ஜப்பானில் ரியோகான் என்று பழைய பாணி விடுதிகள் இருக்கின்றன. ஒரு ராத்திரி தங்கினால் ராத்திரிச் சாப்பாடும் மறுநாள் காலைச் சாப்பாடும் பெரும்பாலும் வாடகையிலேயே சேர்த்தி. என்ன சமைப்பது என்பதை வருகிறவர் முடிவு செய்வதில்லை, மாதம் முடிவு செய்கிறது. மேற்கு ஜப்பானின் கடலோரத்தில் பனி நண்டு பிடிக்க நவம்பர் 6-ம் தேதிதான் அனுமதி தொடங்கும். ஆண் நண்டுக்கு மார்ச் 20-ம் தேதியோடு முடிந்துவிடும். கினோசாகி என்கிற வெந்நீர் ஊற்று ஊருக்கு அந்த நாலரை மாதமும் கூட்டம் வருவது நண்டுக்காகத்தான். ஏப்ரலில் போய் நண்டு கேட்டால் "அடுத்த வருஷம் வாங்க" என்பதுதான் மரியாதையான பதில்.

இத்தாலியில் இன்னொரு மாதிரி. விவசாயியே தன் பண்ணை வீட்டில் ஆட்களைத் தங்கவைத்துச் சாப்பாடு போடலாம். இதற்கென்று 1985-ல் ஒரு சட்டம் போட்டார்கள். 2006-ல் அதை மாற்றிப் புதுச் சட்டம் வந்தது. அதில் முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. விவசாயம்தான் பிரதான தொழிலாக இருக்கவேண்டும், விருந்தாளி வருமானம் அதற்குத் துணைதான். அதாவது வயலைத் தரிசாகப் போட்டுவிட்டு லாட்ஜ் நடத்த முடியாது. இந்த நிபந்தனையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் போகிற ரோட்டில் கலெக்டர் ஆபீஸ் இருக்கிற இடம்தான் வேங்கிக்கால். ஒரு ஏரி, ஏரியைச் சுற்றி வளர்ந்துகொண்டே போகிற வீடுகள், ரோட்டோரம் கடைகள். சுற்றுலாக் கையேட்டில் போடுவதற்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் வருஷம் முழுவதும் இந்தப் பக்கத்து அடுப்புகளில் வேகிறதை வரிசையாக எழுதிப் பாருங்கள்.

ஆடி மாதம் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள். கேழ்வரகுக் கூழ், பக்கத்தில் முருங்கைக்கீரை, சில வீடுகளில் கருவாட்டுக் குழம்பு. ஆடிப்பட்டத்தில் விதைத்த மல்லாட்டை ஐப்பசி வாக்கில் பிடுங்குகிற பதத்துக்கு வரும். (வெளியூர்க்காரர்களுக்கு: மல்லாட்டை என்றால் நிலக்கடலை. மணிலாக்கொட்டை என்பதுதான் தேய்ந்து இப்படி ஆனது என்பார்கள்.) மண் வாசனை போகாத பச்சை மல்லாட்டையைக் கல்லுப்பு போட்டு அவித்துச் சூட்டோடு உரித்துத் தின்றவர்களுக்கு, கடையில் பாக்கெட்டில் விற்கிற கடலை பிடிக்கவே பிடிக்காது. கார்த்திகையில் தீபத்துக்குப் பொரி உருண்டை, அடை. தை மாதம் புது அரிசி, கரும்பு, பச்சை மொச்சைக் குழம்பு. வெயில் ஏறினால் கம்மங்கூழ், மோர் மிளகாய், நுங்கு. ஜூன், ஜூலையில் ஜவ்வாது மலையிலிருந்து பலாப்பழம், அதற்குப் பிறகு சீத்தாப்பழம்.

ஜப்பான்காரன் நண்டை வைத்து ஒரு ஊரையே நடத்துகிறான் என்றால், இவ்வளவையும் வைத்துக்கொண்டு இங்கே என்ன செய்கிறார்கள்? ரிசார்ட் என்று போர்டு போட்ட இடத்துக்குப் போனால் பெரும்பாலும் பனீர் பட்டர் மசாலா, கோபி மஞ்சூரியன், நான். எந்த மாதம் போனாலும் அதே மெனு கார்டு. மெனு கார்டை மட்டும் பார்த்தால் இது திருவண்ணாமலையா, திருப்பூரா, திருச்சியா என்று கண்டுபிடிக்க முடியாது.

தமிழ்நாட்டில் இதற்கு விதிவிலக்கே இல்லையா என்றால் உண்டு. காரைக்குடியில் 1999-ல் தொடங்கிய 'தி பங்களா' விடுதிக்குப் பலர் போவதே வாழை இலையில் பரிமாறும் செட்டிநாட்டுச் சாப்பாட்டுக்காகத்தான். ஊர்ச் சாப்பாட்டை ஒளித்துவைக்காமல் அதையே முன்னால் நிறுத்தினார்கள், ஜனங்கள் தேடி வந்தார்கள். ஆனால் அது வசதி உள்ளவர்கள் போகிற இடம்.

திருவண்ணாமலையிலேயே வேறு ஒரு மாதிரி இருக்கிறது. ரமண மகரிஷியின் தாயார் அழகம்மாள் 1916-ல் மகனோடு வந்து தங்கினார். மலைமேல் ஸ்கந்தாசிரமத்தில் சமைக்க ஆரம்பித்தார். அவர் 1922-ல் மறைந்தபின் அவருடைய சமாதியைச் சுற்றி வளர்ந்ததுதான் இன்றைய ஆசிரமம். ரமணர் பல வருஷங்கள் விடியற்காலையில் சமையலறையில் உட்கார்ந்து காய் நறுக்கியிருக்கிறார், சட்னி அரைத்திருக்கிறார். தனக்கு மட்டும் விசேஷமாக எதையும் பரிமாறக்கூடாது, பந்தியில் எல்லாருக்கும் என்னவோ அதுவே தனக்கும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். இன்றும் அங்கே தங்குகிறவர்கள் சாப்பாட்டுக்குக் காசு கொடுக்கவேண்டியதில்லை. விரும்பினால் நன்கொடை.

இந்த இரண்டு கோடிக்கும் நடுவில்தான் நிஜமான கேள்வி இருக்கிறது. அதற்குப் போளூர் வழியாக ஜவ்வாது மலை ஏறவேண்டும்.

மேலே ஜமுனாமரத்தூர். கோடை விழா நடக்கிற ஊர். கோமுட்டேரி, பீமன் அருவி, காவலூர் வானோக்குக்கூடம் என்று பார்ப்பதற்கு இடங்கள் உண்டு. மலையாளிப் பழங்குடியினர் மானாவாரியாகச் சாமை விதைக்கிற பூமி. தேனும் புளியும் அங்கிருந்து இறங்குகின்றன. 2023-ஐ ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின் பட்டணத்துக் கடைகளில் சாமைக்குத் தனி மரியாதை வந்துவிட்டது. "மலைச் சாமைச் சோறு, காட்டுத் தேன், மண்பானைச் சமையல்" என்று விளம்பரம் செய்தால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சனி ஞாயிறுக்குக் கார்கள் வரத்தான் செய்யும்.

வரட்டும். ஆனால் அந்தச் சாமையை விளைவித்த வீட்டில் ராத்திரிக்கு என்ன சோறு? பல வீடுகளில் ரேஷன் அரிசிச் சோறு.

இதில் ரேஷன் அரிசியைக் குற்றம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. 2008-ல் கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது, 2011 ஜூன் முதல் இலவசமாகவே வந்தது. எத்தனையோ வீடுகளில் பட்டினியை விரட்டியது அதுதான். இன்னொரு உண்மையும் உண்டு. சாமை மணி ரொம்பச் சின்னது, உமி லேசில் பிரியாது. மெஷின் இல்லாத காலத்தில் உரலில் போட்டு இடித்து, புடைத்து, மறுபடி இடித்து... அத்தனையும் பெண்களின் தோள்வலி. தயாராக அரிசி கிடைக்கிறபோது "நீ சாமைதான் தின்னணும், அதுதான் உங்க பாரம்பரியம்" என்று கீழே இருந்து போகிறவர்கள் சொல்வது அநியாயம்.

கொல்லிமலையில் இந்தக் கதை முன்பே நடந்தது. மரவள்ளிக் கிழங்குக்குப் பணம் கிடைத்தது, சிறுதானியம் விதைத்த பரப்பு சுருங்கியது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பல வருஷங்கள் அங்கே வேலை செய்தபோது, "பாரம்பரியத்தைக் காப்பாற்றுங்கள்" என்று பிரசங்கம் செய்வதோடு நிற்கவில்லை. உமி நீக்கும் மெஷின்களைக் கிராமத்துக்கே கொண்டுவந்தது, பெண்கள் குழுக்கள் மூலம் விற்க வழி செய்தது. உலக்கைக்கு வேலை குறைந்தால்தான் சாமை மறுபடி உலைக்கு வரும் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது.

இப்போது அந்த இத்தாலி நிபந்தனையை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். விவசாயம் பிரதானம், விருந்தாளி துணை. இது தலைகீழாகிவிட்டால் என்ன ஆகும்? நிலத்தை வெளியூர்க்காரர் வாங்குவார், குடில் கட்டுவார், சாமையைக் கடையில் வாங்கி வந்து மண்சட்டியில் வைப்பார். விதைத்தவர் அங்கேயே வாட்ச்மேன் வேலைக்கு நிற்பார். விருந்தாளிக்கு வித்தியாசமே தெரியாது, ருசி ஒன்றுதான்!

ஆகவே சாப்பாட்டுக்காக ஊருக்கு வருகிறவர்கள் மூன்றே மூன்று கேள்வி கேட்டால் போதும். இது இந்த மாதம் விளைந்ததா? யார் நிலத்தில் விளைந்தது? சமைத்தவர் வீட்டிலும் இன்றைக்கு இதுதானா? மூன்றாவது கேள்விக்கு "ஆமாம்" என்று பதில் வருகிற இடத்தில் தைரியமாக இலை போட்டு உட்காரலாம்.

இதற்கு ரிசார்ட்டே தேவையில்லை. தீபத்துக்கு வேங்கிக்காலில் முக்கால்வாசி வீடுகள் விடுதிகள்தான். சொந்தக்காரர்கள், சொந்தக்காரர்களின் சிநேகிதர்கள், "அண்ணாமலையாரைப் பார்க்க வந்தோம்" என்று வருகிற யாரோ... ஹாலில் பாய் விரித்துப் படுப்பார்கள். மாடியில் நின்று மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினால் பொரி உருண்டை தயாராக இருக்கும். வீட்டுக்காரர்கள் தின்பதும் அதேதான்.

ஆனால் தீபத்துக்கு வந்தால் நெரிசல். கொஞ்சம் முன்னாலேயே, ஐப்பசியில் வாருங்கள். மழை விட்ட ஒரு சாயங்காலம், ஏரிக்கரைக் காற்று, மடி நிறைய அவித்த மல்லாட்டை. மெனு கார்டு கிடையாது. அடுத்த மாதம் கேட்டால் கிடைக்கவும் கிடைக்காது.