இரண்டாவது அழுத்தம்

மவுண்டன் பைக்கில் மலையேறக் கிளம்பும் பிள்ளைகளைப் பார்த்தால் நான் ஒன்று கேட்பது வழக்கம்: "லீவரை ஒரு தடவை அழுத்தினால் பிடிக்கிறதா, இரண்டு தடவை அழுத்த வேண்டியிருக்கிறதா?" பலரும் சொல்லும் பதில், "ரெண்டு தடவை அமுக்கினா நல்லாப் பிடிக்குது தாத்தா" என்பதுதான். அந்த இரண்டாவது அழுத்தம் எனக்குக் கவலை தருகிறது.

ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கில் இழுக்கும் கம்பி கிடையாது. லீவருக்கும், டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பருக்கும் நடுவே ஒரு மெல்லிய குழாய், அது நிறைய எண்ணெய். அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் போய்ச் சேரும் என்று பிளேஸ் பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டில் கண்டு சொன்ன விதிதான் இங்கே வேலை செய்கிறது. திரவம் எளிதில் சுருங்காது, காற்று சுருங்கும். குழாய்க்குள் சின்னக் குமிழ் புகுந்தாலும் கையின் பலத்தில் ஒரு பங்கு அதை நசுக்குவதிலேயே போய்விடும். லீவர் பஞ்சாக அமுங்கும். உடனே மறுபடி அழுத்தினால் மேலே உள்ள சிறு தொட்டியிலிருந்து கொஞ்சம் எண்ணெய் கூடுதலாக இறங்கி, பிரேக் பிடித்துவிடும். காற்று மட்டும் உள்ளேயே இருக்கும்.

கை இதற்குப் பழகிவிடுகிறது. பழகிய பிறகு அது குறையாகவே தெரிவதில்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறவர் பாதியில் நின்று நின்று ஏறக் கற்றுக்கொள்கிறார், டாக்டரிடம் போவதில்லை. பேச்சு குறைந்துபோன வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக் காலம் தள்ளுகிறார்கள். ஒரேயடியாக வரும் கேட்டுக்கு ஓடிப்போய் வழி தேடுவோம். கொஞ்சம் கொஞ்சமாக வருவதைச் சமாளித்துவிட்டு, அந்தச் சமாளிப்பையே திறமை என்று நினைத்துக்கொள்கிறோம்.

மலை அந்தத் திறமையை மதிக்காது. கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் டிஸ்க் சூடேறி, அந்தச் சூடு காலிப்பருக்குள் இருக்கும் எண்ணெய்க்கும் போகும். சில பிரேக்குகளில் ஊற்றும் டாட் வகைத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. டாட் 5.1 புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 260 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய நிலையில் தர விதி கேட்பதே 180 டிகிரிதான். கொதித்து ஆவிக்குமிழ் கிளம்பிவிட்டால் எத்தனை முறை அழுத்தியும் பயனில்லை.

குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும் வேலை, அதாவது ஏர் எடுப்பது, கடினமானதல்ல. அவசரக்காரருக்கு மட்டும் அது வராது. ஷிமானோ நிறுவனத்தின் பிரேக் வகையைச் சொல்கிறேன். சக்கரத்தையும் பேடுகளையும் கழற்றி வைத்துவிட்டு, பிஸ்டன்களுக்கு நடுவே அதற்கென்று உள்ள பிளாஸ்டிக் கட்டையைச் செருக வேண்டும். லீவரைத் தரைக்கு இணையாகத் திருப்பி, அதன் மேல்துளையில் புனலைப் பொருத்தி, காலிப்பரிலிருந்து சிரிஞ்சால் புது எண்ணெயை மேல்நோக்கித் தள்ள வேண்டும். காற்று மேலே போகும் இயல்புடையது. எண்ணெயும் அதே வழியில் போனால் அதையும் கூட்டிக்கொண்டு போகும். பெரிய குமிழ்கள் சீக்கிரம் வந்துவிடும். குழாய் வளைவில் ஒட்டியிருக்கும் பொடிக் குமிழ்களுக்காகத்தான் குழாயை மெல்லத் தட்டி, லீவரை லேசாக அசைத்து, காத்திருக்க வேண்டும். முடிந்தது என்று தோன்றிய பிறகும் ஒன்றிரண்டு வரும். அந்தக் காத்திருப்பில்தான் வேலையின் தரம் இருக்கிறது.

மினரல் ஆயில் கேட்கும் பிரேக்கில் டாட் திரவத்தையோ, டாட் கேட்கும் பிரேக்கில் மினரல் ஆயிலையோ ஊற்றாதீர்கள். உள்ளே இருக்கும் சீல்கள் கெட்டுவிடும். எண்ணெய் ஊறிய பேடை மாற்றிவிடுவதே நல்லது. டிஸ்க்கை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகிறவர்கள் சனிக்கிழமை சாயங்காலமே வாசலில் வண்டியை நிறுத்தி இரண்டு லீவர்களையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஏதாவது ஒன்று கைப்பிடிவரை அமுங்கினால் பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டு, எண்ணெயை மாற்றுங்கள்.