மருமகளுக்குக் கொடுத்த ஒரு மணி நேரம்

போன வருஷம் ஒரு சாயங்காலம். ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய என் மருமகள், கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். "அத்தே, பரீட்சை போச்சு" என்றாள். இரண்டு வயதுப் பேத்தி ஓடிவந்து மடியில் ஏறியதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

வேலைக்குப் போகிற பெண்ணுக்கு இன்னும் என்ன பரீட்சை என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நாங்கள் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர். மருமகள் ராஜபாளையத்தில் ஓர் அரசாங்க ஆபீஸில் டைப்பிஸ்ட். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுதி வாங்கிய வேலை. டைப்ரைட்டிங்கில் நிமிஷத்துக்கு 30 வார்த்தை அடித்தால் லோயர், 45 வார்த்தை அடித்தால் ஹயர். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் அவள் தேறியவள். ஆனால் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவர்கள் 'கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன்' என்ற சர்ட்டிபிகேட்டும் வாங்க வேண்டுமாம். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிற பரீட்சை அது. எழுத்துத் தேர்வும் உண்டு, கம்ப்யூட்டரில் செய்து காட்டுவதும் உண்டு. வேலையில் சேரும்போது அது கையில் இல்லாவிட்டாலும், தகுதிகாண் பருவம் முடிவதற்குள் வாங்கிவிட வேண்டும். இல்லையென்றால் பாடுபட்டு வாங்கிய உத்தியோகத்துக்கே சிக்கல்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பீரோவிலிருந்த என் பழைய டிரங்குப் பெட்டிக் காகிதங்கள் ஞாபகத்துக்கு வந்தன. அதில் 1994 பிப்ரவரி டைப்ரைட்டிங் லோயர் பரீட்சை ஹால் டிக்கெட் ஒன்று இருக்கிறது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு ராஜபாளையத்தில் ஓர் இன்ஸ்டிட்யூட்டில் படித்தேன். மாசியில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பரீட்சை வாரத்தில் வீடு முழுக்க வேலை. போகாதே என்று யாரும் சொல்லவில்லை. போய்விட்டு வா என்றும் யாரும் சொல்லவில்லை. நான் போகவில்லை.

அதே தப்பை நானும் செய்துகொண்டிருந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. அவள் புஸ்தகத்தைப் பிரிக்கும்போதெல்லாம், "ஏம்மா, மாவைக் கொஞ்சம் கரைச்சு வை" என்று கூப்பிட்டது நான்தானே!

மறுநாள் ஒரு நோட்டும் பென்சிலுமாக இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவளுடைய பழைய திட்டம், தினமும் ராத்திரி 9 முதல் 11.30 வரை படிப்பது. மிச்சத்தைச் சனி, ஞாயிறில் முடிப்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பத்து மணிக்கே புஸ்தகத்தின் மேல் தலை சாய்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி வந்துவிடுவார்கள். அரைத் தூக்கத்தோடு எழுந்து ஆபீஸ் போனதில் தலைவலி வேறு.

அதனால் முதலில் தூக்கத்துக்குத்தான் நேரம் ஒதுக்கினோம். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். தூங்கினால்தான் படித்தது மனசில் தங்கும். ராத்திரி 9.30-க்குப் படுக்கை. காலை 4.45 முதல் 5.45 வரை படிப்பு. மார்கழி வந்தால் விடியுமுன்னே எழுந்துகொள்கிற ஊர்க்காரர்களுக்கு இது பெரிய காரியமா? பஸ்ஸில் போக அரை மணி, வர அரை மணி. அதில் சிறுகுறிப்பு, ஷார்ட்கட் சாவிகள் மனப்பாடம். ஞாயிறு காலை மட்டும் இரண்டு மணி நேரம் இன்ஸ்டிட்யூட்டில் செய்முறைப் பயிற்சி.

பரீட்சைக்குப் பத்து வாரம் இருந்தது. ஒன்பது வாரத்துக்குத்தான் பாடம் பிரித்தோம். ஒரு வாரத்தை வெறுமனே விட்டோம். அது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று! ஆறாவது வாரம் பேத்திக்குக் காய்ச்சல். நாலு நாள் புஸ்தகம் பிரிக்கவில்லை. ஆனாலும் பதற்றமில்லை.

தெரிந்த பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். ஆபீஸில் தினமும் கடிதம் அடிப்பவளுக்கு வேர்டு தண்ணீர்பட்ட பாடு. எக்ஸெல்லும் டேட்டாபேஸும்தான் உதைத்தன. அவற்றை முதலில் வைத்தோம். வீட்டுப் பால் கணக்கை எக்ஸெல்லில் போட்டாள்; மாதக் கூட்டுத்தொகை, சராசரி எல்லாம் அதிலேயே பழகிவிட்டது. என் தங்கை மகள் கல்யாணப் பத்திரிகைக்கு விலாசங்களை வைத்து மெயில் மெர்ஜ் செய்தாள். ஒரே கடிதம், ஆளாளுக்குத் தனிப் பெயர், தனி விலாசம்! எனக்கே அது புரிந்துவிட்டது.

நாள் முழுக்க கம்ப்யூட்டரைப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடி தூரத்தில் உள்ள பொருளை 20 வினாடி பாருங்கள். கண் எரிச்சல் குறையும்.

மற்றவர்களுக்கும் வேலை பிரித்தேன். ராத்திரிப் பாத்திரம் என் மகன் பொறுப்பு. முதல் வாரம் முணுமுணுத்தான், அப்புறம் பழகிவிட்டது. காலையில் குழந்தை எழுந்தால் தூக்கிக்கொண்டு பால் வாங்கப் போவது என் வீட்டுக்காரர். டிபன் நான்.

ஒரு நாள் உறவுக்காரம்மா ஒருவர் வந்திருந்தார். "மருமக படிக்கிறா, மாமியார் சமைக்கிறா. நல்லாத்தான் இருக்கு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "ரெண்டரை மாசம் நான் சமைச்சா, முப்பது வருஷம் இந்த வீட்டுக்குச் சம்பளம் வரும் மதினி" என்றேன். அடுப்படியிலிருந்த மருமகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பரீட்சையன்று ஹால் டிக்கெட்டை அவள் எடுத்துக்கொண்டாளா என்று இரண்டு தடவை பார்த்தேன். "போய்விட்டு வா தாயி" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

இந்தத் தடவை தேறிவிட்டாள்.

சகோதரிகளே, பால்கோவா ஊர்க்காரி சொல்கிறேன். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் பால் அடிப்பிடித்துவிடும். நின்று நிதானமாகக் கிண்டினால்தான் பதம் வரும். படிப்பும் அப்படித்தான். உங்கள் வீட்டில் மகளோ, மருமகளோ, நாத்தனாரோ வேலைக்கும் போய்க்கொண்டு பரீட்சைக்கும் படிக்கிறாளா? அவளுக்குப் புத்திமதி வேண்டாம். யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரத்தைக் கொடுங்கள், தினமும்.

மருமகள் இப்போது என்னை விடுவதாயில்லை. "அத்தே, நீங்களும் லோயர் எழுதுங்க. பாப்பாவை நான் பாத்துக்கிறேன்" என்கிறாள். 4.45-க்கு எனக்கு இன்னமும் விழிப்பு வந்துவிடுகிறது. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.