கடல் தாண்டிப் போன கூடைப்பந்து!

"அம்மாச்சி, யாழ்ப்பாணத்துல ஆறே கிடையாதாமே! அப்புறம் சோத்துக்கு என்ன பண்ணுவாங்க?"

வேன் நீடாமங்கலத்தைத் தாண்டும்போது என் பேத்தி கேட்ட கேள்வி இது. தஞ்சாவூர்ப் பெண் வேறு எதைக் கேட்பாள்? பிறந்ததிலிருந்து வாய்க்காலையும் மதகையும் பார்த்து வளர்ந்தவள். வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பு இந்த நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில்தான். ஆறு இல்லாத ஊரில் அடுப்பு எரியும் என்பதே அவளுக்கு ஆச்சரியம்!

2025 மார்ச் மாதம். சம்பா அறுவடை முடிந்து, வயலெல்லாம் உளுந்தும் பயறும் பச்சை கட்டியிருந்தன. களத்து ஓரங்களில் வைக்கோல் போர். நாங்கள் போய்க்கொண்டிருந்தது கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ அல்ல. பேத்தி படிக்கும் கல்லூரியின் கூடைப்பந்து அணி, யாழ்ப்பாணத்தில் மூன்று நாள் நட்பு ஆட்டம் ஆடப் போகிறது. பன்னிரண்டு பெண்கள், ஒரு பி.டி. மேடம். வயதில் மூத்த பெண்மணி ஒருவர் துணைக்கு வந்தால் பெற்றோருக்குத் தைரியமாக இருக்கும் என்று கல்லூரியில் நினைத்தார்கள். பழைய மாணவி, அதிலும் பழைய ஆட்டக்காரி என்று என்னைக் கேட்டார்கள். அறுபத்திரண்டு வயதில் "சரி" என்று சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

முத்திரை விழாத பாஸ்போர்ட்

1983-ல் அதே கல்லூரியில் நான் கடைசி வருடம். முழங்கால் வரை டிவைடட் ஸ்கர்ட், கான்வாஸ் ஷூ, எண்ணெய் வைத்து மடித்துக் கட்டிய இரட்டைப் பின்னல். இதுதான் எங்கள் அணியின் கோலம். இலங்கைக்குப் போய் ஆடிவிட்டு வர ஏற்பாடாயிற்று. அப்போது ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் உண்டு. "பொம்பளப் புள்ள கடல் தாண்டுறதாவது?" என்று ஆரம்பித்த அப்பா, ஒரு மாதம் கழித்துத் தானே போய் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். ரிஜிஸ்தர் தபாலில் பாஸ்போர்ட் வந்தது. அம்மா ஒரு டின் நிறைய முறுக்கு சுட்டு வைத்தாள்.

ஜூலைக் கடைசியில் ரேடியோவில் கொழும்புக் கலவரச் செய்தி. அதோடு பயணம் நின்றது. முறுக்கைத் தெருப் பிள்ளைகள் தின்றார்கள். மறு வருடம் எனக்குக் கல்யாணம். அதற்கடுத்த வருடம் கையில் குழந்தை. அந்தப் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரைகூட விழாமலே காலாவதியாயிற்று. பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இன்னும் இருக்கிறது.

ஆகவே, பேத்தியின் அப்பா தயங்கியபோது எனக்குப் பழைய வீடே திரும்பி வந்தாற்போல் இருந்தது.

"அத்தை, இது போட்டியா? கப்பு உண்டா? சர்ட்டிபிகேட் வேலைக்கு உதவுமா? ஒண்ணும் இல்லாத ஆட்டத்துக்கு எதுக்குக் கடல் தாண்டணும்?"

கேள்வி நியாயமானதுதான். அப்போது என்னிடம் பதில் இல்லை. "நான் கூடப் போறேன் மாப்பிள்ளை" என்று மட்டும் சொன்னேன். பதில் எனக்கு யாழ்ப்பாணத்தில் கிடைத்தது.

பையில் என்ன வைத்தோம்?

பெண்கள் கூட்டமாகப் பயணம் போகும்போது, துணிக்கு முன்னால் உடம்பை யோசிக்க வேண்டும். நம் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்று 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. ஓடி ஆடும் பெண்ணுக்கு அது இருந்தால், மூன்றாவது கால் பகுதியிலேயே மூச்சு வாங்கிவிடும். பி.டி. மேடம் கெட்டிக்காரி. இரண்டு மாதம் முன்பே எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். குறைவாக இருந்த நான்கு பேருக்கு டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். வீட்டில் முருங்கைக்கீரை, கேழ்வரகு, பேரீச்சை. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு காப்பி, டீ குடித்தால் அது கெட்டுவிடும். ஒரு மணி நேரமாவது போகட்டும்.

இன்னொன்று முழங்கால். குதித்து இறங்கும் ஆட்டங்களில் பெண்களுக்கு முழங்கால் ஜவ்வு கிழிவது ஆண்களைவிட அதிகம். முழங்காலை மடக்கி, இரண்டு பாதத்திலும் மெத்தென்று இறங்கப் பழக்க வேண்டும். எங்கள் காலத்தில் இதையெல்லாம் யார் சொன்னார்கள்? "விழாம ஆடு" என்பார்கள், அவ்வளவுதான்!

மாதவிலக்கு நாட்களுக்கு வேண்டியதை ஒவ்வொருத்தியும் எடுத்துக்கொண்டாள். பொதுவில் ஒரு பொட்டலம் என் பையில். சங்கோசமில்லாமல் வந்து கேட்டார்கள். நாற்பது வருடத்தில் மாறியவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

நாகப்பட்டினத்துக் கரை

திருவாரூர், கீழ்வேளூர், சிக்கல் தாண்டி நாகை. முதல் நாள் இரவே போய்த் தங்கிவிட்டோம், கப்பல் காலையில். ராத்திரி கடற்கரையில் காற்று வாங்கும்போது, ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் கடாரத்துக்குக் கப்பல் படை அனுப்பியதையும், அதற்கு முன் ராஜராஜன் காலத்திலேயே கடல் கடந்த ஸ்ரீவிஜய அரசர் இங்கே புத்த விகாரை கட்டியதையும் பெண்களுக்குச் சொன்னேன். இந்தக் கரைக்குக் கடல் தாண்டுவது புதிதல்ல. ஆனால் 2004 சுனாமியில் ஆயிரக்கணக்கானவர்களைப் பறிகொடுத்த கரையும் இதுதான். அலைச் சத்தம் கேட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. பன்னிரண்டு வீட்டுப் பிள்ளைகளை அழைத்து வந்திருக்கிறேனே!

நாகைக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் 2023 அக்டோபர் 14-ல் தொடங்கி, சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்ட்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. தூரம் ஏறக்குறைய 110 கிலோமீட்டர்; நான்கு மணி நேரப் பயணம். மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள். போக நினைப்பவர்கள் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டும், இணையத்தில் வாங்கும் பயண அனுமதியும் அவசியம்.

கரை மறைந்ததும் பாதிப் பேருக்குத் தலைசுற்றல். எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்தேன். நடுக்கடலில் பி.டி. மேடம் கதை சொன்னார். கூடைப்பந்தை 1891-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். 1893-ல் ஸ்மித் கல்லூரிப் பெண்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க ஆண்களுக்கு அனுமதி இல்லையாம்! பெண்கள் ஒரே சிரிப்பு. கனடாவில் எட்மன்டன் நகரத்துப் பெண்கள் அணி ஒன்று, 1924-லிருந்து 1936 வரை நான்கு ஒலிம்பிக் விழாக்களை ஒட்டி 27 ஆட்டம் ஆடி, 27-லும் ஜெயித்ததாம். ஆனால் பதக்கம் கிடையாது. பெண்கள் கூடைப்பந்து ஒலிம்பிக்கில் சேர்ந்ததே 1976-ல்தான். நம் சென்னைப் பெண் அனிதா பால்துரை 19 வயதில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கி, 2021-ல் பத்மஸ்ரீ வாங்கியதையும் சொன்னார். "முன்னாடி போனவங்க சும்மா போனதாலதான் பின்னாடி வந்தவங்களுக்குப் பதக்கம்" என்று முடித்தார். மாப்பிள்ளையின் கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது.

காங்கேசன்துறையில் அதிகாரி என் புதுப் பாஸ்போர்ட்டைப் புரட்டி, டக்கென்று ஒரு முத்திரை குத்தினார். அவருக்கு அது அன்றைய நூறு முத்திரையில் ஒன்று. நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.

ஆறில்லா ஊர்

தெல்லிப்பழை, சுன்னாகம் வழியாக யாழ்ப்பாணம். இருபுறமும் செம்மண், பனை, வெங்காயப் பாத்தி, வீட்டுக்கு வீடு வேலி. பேத்தியின் சந்தேகத்துக்குப் பதில் வீட்டுக் கிணற்றில் இருந்தது. பூமிக்கு அடியில் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. மழைத் தண்ணீர் அதில் இறங்கித் தங்கி நிற்கிறது. நெல் மாரி மழையை நம்பி ஒரு போகம். தண்ணீரை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற ஜனங்கள். குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்த்த எங்கள் பெண் ஒருத்தி, அங்கிருந்த பாட்டியின் முகத்தைப் பார்த்து உடனே மூடிவிட்டாள்!

சாப்பாடு? இடியப்பமும் சொதியும், குழாய்ப் புட்டும் சம்பலும், மத்தியானம் சிவப்பரிசிச் சோறு. சாப்பிட்டதும் "தேத்தண்ணி குடியுங்கோ" என்று கொண்டு வருவார்கள். "கொஞ்ச நேரம் போகட்டும்மா" என்று இரும்புச்சத்துக் கதையைச் சொன்னேன். அந்த வீட்டம்மாள் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

ஒரு நாள் காலை நல்லூர்க் கோயில். திரும்புகையில் யாழ்ப்பாணப் பொது நூலகம். 1981-ல் எரிக்கப்பட்டு, மறுபடி எழுப்பப்பட்ட வெள்ளைக் கட்டடம். பெண்கள் சத்தமில்லாமல் நடந்தார்கள். சொல்லிக் கொடுக்கவில்லை, தானாகவே வந்தது.

பந்தைத் தட்டாத ஆட்டம்

முதல் நாள் ஆட்டத்தில் ஒன்பது புள்ளியில் தோற்றோம். கப்பல் களைப்பு என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்; உண்மையில் எதிரணிப் பெண்களின் குறி அபாரம். கேட்டால், அவர்களில் பாதிப் பேர் வலைப்பந்து ஆடி வளர்ந்தவர்கள். இலங்கைப் பெண்களின் ஆட்டமே அதுதான். யாழ்ப்பாணத்தில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம், ஆறடி பத்தங்குல உயரம், இலங்கை அணிக்கு ஆசியக் கிண்ணங்களை வென்று கொடுத்து, ஆஸ்திரேலியாவுக்கும் போய் ஆடியவர். அவர் பெயரைச் சொன்னாலே அங்குள்ள சிறுமிகளின் முகம் மலர்கிறது.

இரண்டாம் நாள் நாங்கள் நான்கு புள்ளியில் ஜெயித்தோம். மூன்றாம் நாள்தான் விசேஷம். இரு அணியையும் கலந்து, அரை மணி கூடைப்பந்து, அரை மணி வலைப்பந்து! வளையம் இரண்டிலும் பத்தடி உயரம்தான். ஆனால் வலைப்பந்தில் பின்பலகை கிடையாது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக் கூடாது. மூன்று விநாடிக்குள் கைமாற்ற வேண்டும். எங்கள் பெண்கள் பழக்க தோஷத்தில் தட்டித் தட்டி ஓட, நடுவர் விசில் ஊத, ஊர்ச் சனம் முழுக்கச் சிரிப்பு. என் பேத்தி ஐந்து முறை தப்புச் செய்தாள். ஆறாவது முறை நின்று, நிமிர்ந்து பார்த்து, பந்தைக் கொடுத்தாள். "பந்தைத் தட்டாம நின்னாத்தான் அம்மாச்சி, பக்கத்துல யார் இருக்காங்கன்னே தெரியுது" என்றாள் ராத்திரி.

அந்த அம்மாள் சொன்னது

அன்று மாலை கோர்ட்டு ஓரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அவரும் பள்ளியில் ஆடியவராம். என் பாஸ்போர்ட் கதையைச் சொன்னேன். அமைதியாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"எங்கட டீமில எட்டுப் பேர். இப்ப இஞ்ச நான் மட்டும்தான். மிச்சப் பேர் கனடா, லண்டன், சுவிஸ். அவையும் கடல் தாண்டித்தான் போனவை. விளையாடப் போகேல்லை தங்கச்சி, உயிரைக் காப்பாத்தப் போனவை. தொண்ணூற்றைந்தில நானும் கையில ரெண்டு பிள்ளையளோட நடந்து வெளிக்கிட்டனான். பிறகு திரும்பி வந்திட்டன்."

பந்து உருண்டு எங்கள் காலடிக்கு வந்தது. அதை எடுத்துத் திருப்பிப் போட்டுவிட்டு, "உங்கட பிள்ளையள் சும்மா விளையாடிப் போட்டுப் போக வந்திருக்கினம். இதைவிட வேற என்ன வேணும்?" என்றார்.

நான் எதுவும் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நாற்பது வருடமாக என் பீரோவில் இருந்த குறை, அவர் குறைக்கு முன்னால் எத்தனை சின்னது!

மாப்பிள்ளைக்கு இப்போது பதில் சொல்ல முடிந்தது. கப்பும் இல்லை, வேலைக்கு உதவும் காகிதமும் இல்லை. ஒரு பெண் பயந்து ஓடாமல், யாரும் துரத்தாமல், வெறும் விளையாட்டுக்காகக் கடல் தாண்டிப் போய், சிரித்துவிட்டு, வீடு திரும்புகிறாள். அப்படி ஒரு காலம் வருவதற்கு இரண்டு கரையிலும் எத்தனை பேர் காத்திருந்தார்கள்! வாய்த்திருக்கும்போது வேண்டாம் என்று சொல்லலாமா?

வீடு வந்ததும் பேத்தி செய்த முதல் காரியம், கொல்லையில் சொட்டிக்கொண்டிருந்த குழாய்க்குப் புது வாஷர் மாட்டச் சொன்னது. மாப்பிள்ளை மறுபேச்சில்லாமல் போய் வாங்கி வந்தார். இப்போது அந்தப் பெண்களை இங்கே அழைக்கக் கல்லூரியில் பேச்சு நடக்கிறது. "அவங்களுக்கு முதல்ல கல்லணையைக் காட்டணும்" என்கிறாள் பேத்தி. ஆற்றைப் பார்க்காத பிள்ளைகளாயிற்றே!

இளம் தாய்மார்களே, உங்கள் பெண்ணும் ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பாள். யார் கூட வருகிறார்கள், எங்கே தங்குவார்கள், உடம்பு தாங்குமா என்று எல்லாவற்றையும் கேளுங்கள். கேட்க வேண்டியது நம் கடமை. பதில் சரியாக இருந்தால், "எதுக்கு?" என்று மட்டும் கேட்காதீர்கள். ஒரு டின் முறுக்கு சுட்டுக் கொடுத்து அனுப்புங்கள்.

நானும் சுட்டேன். இந்த முறை அது யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது!